அமுதப் பூஞ்சை

மரத்தைத் துளைத்து வாழும் வண்டினங்களில் சில, அந்த மரத்தை உண்பதில்லை. தாம் குடைந்த சுரங்கத்தின் சுவரில் ஒரு பூஞ்சையைப் பயிர்போல் வளர்த்து, அதையே தாமும் உண்டு தம் புழுக்களுக்கும் உணவாக்குகின்றன. அப்பூஞ்சையை அறிவியலார் 'அம்புரோசியாப் பூஞ்சை' என்பர்.

1836-இல் ஆஸ்திரியரான யோசப் ஷ்மிட்பெர்கர், சுரங்கச் சுவரில் வெண்ணிறப் படிவு ஒன்றைக் கண்டு, அது வண்டின் உணவு என்று சரியாகவே ஊகித்து, கிரேக்கத் தேவர்களின் உணவான அம்புரோசியாவின் பெயரை அதற்குச் சூட்டினார். அது பூஞ்சை என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை. 1844-இல் ஜெர்மானியக் காட்டியலார் தியோடர் ஹார்ட்டிக் அதைக் கண்டறிந்த பின்னரும் பெயர் மாறவில்லை.

'அம்புரோசியா' என்பதன் அடி, 'இறவாத' என்னும் பொருளுடைய 'அம்புரோட்டோஸ்'. அதன் முதலில் நிற்கும் 'அ' எதிர்மறை முன்னொட்டு. வடமொழி 'அம்ருத' என்பதும் இதே மூலத்திலிருந்து கிளைத்த உடன்பிறப்புச் சொல்லே. தமிழின் அமிழ்து வடமொழிவழி வந்ததா, தமிழ் வேரினதா என்ற வழக்கு தனியே நடக்கட்டும். சங்கப் பாடல்களிலேயே தேவருணவைக் குறித்த சொல் கையிலிருக்க, 'அம்புரோசியா' என்று ஒலிபெயர்த்து நிறுத்திக்கொள்ளத் தேவையில்லை. 'அமுதப் பூஞ்சை' என்பதே பொருந்தும்.

ஆனால் இப்பெயர் ஒரு குலத்தின் பெயரன்று, ஒரு தொழிலின் பெயர். பாலிலா வித்துகளின் வடிவத்தை வைத்தே முன்னர் வகைப்படுத்தியதால், அம்புரோசியெல்லா, ரஃபேலியா என்னும் பேரினங்கள் நெருங்கிய உறவினபோல் தோன்றின. 1990-களில் வெளியான மரபணு ஒப்பீடுகள் இத்தோற்றத்தைக் கலைத்தன: முன்னது மைக்ரோஆஸ்கேல்ஸ் வரிசையைச் சேர்ந்தது, பின்னது ஒபியோஸ்டோமட்டேல்ஸ் வரிசையைச் சேர்ந்தது. ஃபியூசேரியம் என்னும் பேரினத்தின் சில இனங்களும் இதே வாழ்வை மேற்கொண்டுள்ளன. இவை யாவும் பைப்பூஞ்சைகள் (ஆஸ்கோமைசீட்டுகள்) என்றால், ஃபிளாவோடான் பேரினத்தில் ஓர் இனமோ, மரத்தை மட்கச் செய்யும் அடித்தடிப் பூஞ்சைகளின் (பசிடியோமைசீட்டுகளின்) கிளையிலிருந்து வந்து சேர்ந்தது. வண்டுக்கு உணவாகி, வண்டாலேயே புது மரத்துக்குச் சுமந்து செல்லப்படும் வாழ்க்கை, தொடர்பற்ற மரபுகளையும் ஒரே சாயலுக்குக் கொண்டுவந்திருக்கிறது. இதைக் குவிபரிணாமம் என்றும், இவ்வாறு வெவ்வேறு மூதாதையரிடமிருந்து வந்தோரை ஒரே பெயரில் சேர்ப்பதைப் பல்வழித்தோற்றம் என்றும் சொல்லலாம். வண்டுகளின் நிலையும் அதுவே. பூஞ்சை வளர்க்கும் வழக்கம் அவற்றிலும் பல முறை தனித்தனியே தோன்றியுள்ளது. ஆகவே 'அமுதப் பூஞ்சைக் குடும்பம்' என்று எழுதுவது பிழை. 'அமுதப் பூஞ்சைகள்' என்ற பன்மையே போதும்.

பூஞ்சையைச் சுமக்க வண்டின் உடலில் அமைந்த உறுப்புக்குப் பூஞ்சையியலார் பாத்ரா 1963-இல் இட்ட பெயர் 'மைக்காஞ்சியம்'. கிரேக்கத்தில் பூஞ்சையும் கலமும் சேர்ந்த சொல். அதைப் 'பூஞ்சைப்பை' எனலாம்தான். ஆயினும் சில வண்டுகளில் அது பையாகவும் சிலவற்றில் வெறும் குழிகளாகவும் இருப்பதால், 'பூஞ்சைக்கலம்' என்பதையே நான் தேர்வேன்.