பட்டாளத்துக்காரரிடம் நாம் கேட்கும் முதல் கேள்வி

குமரி மாவட்டத்தில் மனநல ஆலோசகராக இருப்பதால் முன்னாள் படைவீரர்களும் அவர்கள் குடும்பத்தினரும் அடிக்கடி என்னிடம் வருகிறார்கள். தூக்கமில்லை, கோபம் வருகிறது, குடி கூடிப்போச்சு என்றுதான் பேச்சு தொடங்கும். கொஞ்ச நேரம் போனதும் பலரும் சொல்வது, "ஊர்ல யார்கிட்டயும் இதெல்லாம் பேச முடியாது" என்பது. டீக்கடையில் "எத்தன பேர சுட்டிருப்பீரு?" என்பார்கள், கல்யாண வீட்டில் "கோட்டா பாட்டில் உண்டா அண்ணாச்சி?" என்று மிலிட்டரி கேன்டீன் சரக்கைக் கேட்பார்கள், டிரைவராகவோ குக்காகவோ இருந்தவர் என்றால் "அப்போ சண்டையே பாக்கலியா?" என்று ஒரு சிரிப்பு. கேட்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனாலும் அவர் மழுப்பிவிட்டு நகர்வார், அப்புறம் அந்தக் கடைப் பக்கமே வரமாட்டார்.

இந்தியாவும் பாகிஸ்தானும் எதிரெதிரே நிற்கும் இமயமலைப் பனிமலையான சியாச்சினையே எடுத்துக்கொள்ளுங்கள். 2003 நவம்பரில் சண்டை நிறுத்தம் வந்தபிறகு அங்கே உயிரைக் குடித்தது பெரும்பாலும் பனிச்சரிவும் குளிரும்தான். 2016 பிப்ரவரியில் மதராஸ் ரெஜிமென்டின் 19ஆவது பட்டாலியனைச் சேர்ந்த 10 பேர் ஒரே சரிவில் புதைந்து இறந்தார்கள். அந்த மலையில் இருந்துவிட்டு வந்தவரிடம் போய் எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்றால் அவர் என்னதான் சொல்வார்?

இதைவிடக் கஷ்டம் 1987 முதல் 1990 வரை அமைதிப்படையில் இலங்கைக்குப் போனவர்களுக்கு. இன்று அறுபதைத் தாண்டிய அவர்களை ஊர் இன்னமும் "நம்ம ஆளுங்களையே சுடப் போனீங்களா?" என்று கேட்கிறது. தமிழ் தெரியும் என்பதால் வீடுவீடாகச் சோதனைக்குப் போகும்போது முன்னால் நிறுத்தப்பட்ட ஒருவரை எனக்குத் தெரியும் (அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்). கதவைத் திறந்த கிழவி "தம்பி, நீங்க தமிழா?" என்று கேட்டாராம். இத்தனை வருடத்தில் அந்த ஒரு கேள்வியை அவர் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. அந்தப் போரைப் பற்றி உங்களுக்கு என்ன அரசியல் கருத்தும் இருக்கட்டும், இருபது சொச்சம் வயதில் உத்தரவுப்படி கப்பல் ஏறிய ஒருவரை டீக்கடையில் வைத்து விசாரிப்பது நியாயமில்லை, அது அவரை இன்னும் உள்ளே தள்ளும், அவ்வளவுதான்.

சரி, பின்னே எப்படித்தான் பேசுவது? வேலையைக் கேளுங்கள், கூட இருந்தவர்களைக் கேளுங்கள். சியாச்சினில் இருந்த ஒருவரிடம் பத்தாவது படிக்கும் மருமகன் "மாமா, அங்க என்ன சாப்பிடுவீங்க?" என்று கேட்டிருக்கிறான். முட்டை கல்லாக உறைந்துபோவதையும், தண்ணீருக்கு மண்ணெண்ணெய் அடுப்பில் பனிக்கட்டியை உருக்குவதையும், அந்தப் புகையில் எல்லார் மூக்கும் கறுத்துப்போவதையும் அரைமணி நேரம் சொன்னவர், தானாகவே ஒரு நண்பனின் பெயருக்கு வந்து அங்கே நிறுத்திக்கொண்டார். பையன் மேலே ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் சரி. துருவித் துருவிக் கேட்டுக் கொட்ட வைத்தால் பாரம் குறையும் என்று பலர் நம்புகிறார்கள், பல நேரம் அன்று இரவுத் தூக்கம்தான் போகும்.

படைவீரர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். "அத விடு, வேற பேசுவோம்" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் கெட்ட கனவு, திருவிழா வெடிச்சத்தத்துக்கு உடம்பு தூக்கிவாரிப் போடுவது, ராத்திரி பலமுறை எழுந்து கேட்டைப் பார்ப்பது, பிள்ளைகளிடம்கூட மனம் ஒட்டாமல் போவது, இதெல்லாம் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் அது சுபாவம் அல்ல, சிகிச்சை உள்ள நோயாக இருக்கலாம். ஓய்வு பெற்றவர் மனநல மருத்துவரைப் பார்த்தால் பென்ஷன் நின்றுவிடாது. இந்தப் பயத்தினாலேயே வருடக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். நாகர்கோவிலில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டத்தின் (இசிஹெச்எஸ்) பாலிகிளினிக்கில் கேட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார்கள், நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் (டெலி-மானஸ்) எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். வீட்டுக்காரம்மாவும் கூப்பிடலாம்.