அந்தச் சின்னக் கறுப்புப் பெட்டியை வாங்குவதற்கு முன்

போன வாரம் பொகவந்தலாவைப் பக்கமிருந்து ஒரு தம்பி ஹட்டனில் உள்ள என் கடைக்கு வந்தான். தோளில் ஸ்கூல் பேக். உள்ளே சித்தப்பா கொடுத்த பழைய பிளேஸ்டேஷன் 2 (பிஎஸ் 2) கேம் மெஷின், இரண்டு கன்ட்ரோலர், கொஞ்சம் பிஎஸ் 1 டிஸ்க்குகள். அப்புறம் மூன்று சாமான்களை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தான். ஒன்று, ஒரு முனையில் எச்டிஎம்ஐயும் மறுமுனையில் மஞ்சள், வெள்ளை, சிவப்பும் உள்ள வெறும் வயர். அடுத்தது தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய வெள்ளைப் பெட்டி. கடைசியாக அதே அளவில் ஒரு கறுப்புப் பெட்டி.

"அண்ணே, மூணும் வாங்கிட்டேன். ஒண்ணுமே சரி வரல."

எனக்குச் சிரிக்கவும் முடியவில்லை, திட்டவும் முடியவில்லை. இதே மூன்றையும் இதே வரிசையில் வாங்கிக்கொண்டு வருகிறவர்களில் இவன் முதல் ஆளில்லை. குழாய் டிவி பழுதாகி, அப்பா தவணைக்கு ஒரு பெரிய தட்டை டிவி எடுத்து, பழைய கேம் மெஷினை அதில் மாட்டப் பார்க்கிற ஒவ்வொரு வீட்டிலும் இதே கதைதான். ஆளாளுக்குத் தனியாகச் சொல்லித் தொண்டை வற்றிவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் அந்த வயர். எச்டிஎம்ஐயில் போவது டிஜிட்டல், மஞ்சளில் வருவது அனலொக். ஒன்றை மற்றதாக்க நடுவில் ஒரு சர்க்கிட் வேண்டும். நான் ஒரு வயரை வெட்டியே பார்த்துவிட்டேன், உள்ளே செம்புக் கம்பியைத் தவிர எதுவும் இல்லை. கன்சோலிலிருந்து, அதாவது கேம் மெஷினிலிருந்து, டிவிக்கு இதன் வழியாக எந்தக் காலத்திலும் படம் வராது. வெள்ளைப் பெட்டி வேலை செய்யும், ஆனால் தலைகீழாக. புது மெஷினின் எச்டிஎம்ஐயைப் பழைய டிவியின் மஞ்சளுக்கு மாற்றுவது அது. இரண்டு பெட்டியும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் விற்கிறவருக்கே சில நேரம் குழம்பும். மஞ்சள் துளை இருக்கிற பக்கத்தில் இன்புட் என்று எழுதியிருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். காசு கொடுத்த பிறகு பார்த்துப் பயனில்லை.

கறுப்புப் பெட்டி சரியான பெட்டிதான், மஞ்சளை எச்டிஎம்ஐக்கு மாற்றுவது. படமும் வந்தது. ஆனால் சேறு பூசின மாதிரி, எழுத்தின் ஓரமெல்லாம் ஊர்ந்துகொண்டு, பட்டனை அழுத்தினால் ஆள் ஆறுதலாக யோசித்துவிட்டு அடிக்கிற மாதிரி. "பெட்டில 1080பின்னு போட்டிருக்கே அண்ணே" என்றான் தம்பி.

இந்த 1080பி கதையை எத்தனை தடவை கேட்டிருப்பேன்! பெட்டியில் 1080பி என்று எழுதியிருந்தால் கேமும் 1080பி ஆகிவிடாது. திரும்பச் சொல்கிறேன், ஆகாது. பிஎஸ் 1 கேம்கள் பலவும் வரைவது 320க்கு 240 புள்ளிகள். பெருக்கினால் 76,800. 1080பி திரையில் இருப்பதோ 2,073,600. சரியாக 27 மடங்கு. கன்சோல் ஒரு புள்ளி கொடுத்தால் பெட்டி 27 புள்ளிகளை நிரப்ப வேண்டும். மீதி 26 எங்கிருந்து வரும்? ஒன்று, அதே புள்ளியைத் திரும்பத் திரும்ப அடுக்க வேண்டும். இல்லையென்றால் பக்கத்துப் புள்ளியோடு குழைத்துப் பூச வேண்டும். தேயிலைத் தூள் கணக்குத்தான் இதுவும். ஒரு கோப்பைக்கான தூளில் 27 கோப்பை ஊற்றினால் கோப்பைதான் கூடும், சாயம் கூடாது. 4கே டிவி என்றால் இன்னும் நல்லதுதானே என்று கேட்பார்கள். 4கேயில் 108 மடங்கு. அர்ச்சனைக்குப் பொருத்தமான எண்.

அப்படியானால் நல்ல அப்ஸ்கேலருக்கு, அதாவது சின்னப் படத்தைப் பெரிய திரைக்குப் பெரிதாக்கித் தருகிற பெட்டிக்கு, ஏன் அவ்வளவு விலை? அது பெரிதாக்குவதில் கெட்டிக்காரன் என்பதற்காக இல்லை. வருகிற சிக்னல் என்னவென்று சரியாக வாசிக்கத் தெரிந்தது என்பதற்காக.

பழைய டிவி நிகழ்ச்சி பாதிப் பாதிக் கோடுகளாகத்தான் வரும், ஒரு தடவை ஒற்றைக் கோடுகள், அடுத்த தடவை இரட்டைக் கோடுகள். பழைய கன்சோல்கள் ஒரு குறுக்குவழி எடுத்தன. ஒவ்வொரு தடவையும் அதே கோடுகளிலேயே ஒரு முழுப் படத்தை அனுப்பின. அதுதான் 240பி. பால் முறை மெஷின் என்றால் 288 கோடுகள். (குடிக்கிற பால் இல்லை. இலங்கைத் தொலைக்காட்சி பாவித்த 625 கோடு, 50 ஹேர்ட்ஸ் முறையின் பெயர். ஹேர்ட்ஸ் என்றால் செக்கனுக்கு எத்தனை தடவை என்ற கணக்கு.) குழாய் டிவி கேள்வி கேட்காமல் காட்டியது. மலிவுப் பெட்டிகளும் பல தட்டை டிவிகளும் இதை ஒற்றை இரட்டை என்றே எடுத்துக்கொண்டு, அடுத்தடுத்த இரண்டு படங்களைப் பின்னி ஒன்றாக்கப் பார்க்கின்றன.

இதைத் தம்பிக்குக் காட்டினேன். அவன் கொண்டுவந்த சண்டைக் கேமில் ஆளின் காலடி நிழல் ஒரு படம் விட்டு ஒரு படம்தான் வரையப்படுகிறது. மூலையில் நான் விற்காமல் வைத்திருக்கும் 14 அங்குலக் குழாய் டிவியில் அது மெல்லிய, கண்ணாடி மாதிரி நிழலாகத் தெரிந்தது. கறுப்புப் பெட்டி வழியாகப் பார்த்தபோது அதே நிழல் சீப்புப் பல் மாதிரி வரிவரியாக நின்றது. ஆள் ஓடும்போது தோள் ஓரத்திலும் அதே பற்கள். "இவ்வளவு நாளா டிஸ்க்தான் கீறல்னு நெனைச்சேன்" என்றான். டிஸ்க்கில் ஒரு குறையும் இல்லை.

பட்டன் பிந்துவதற்கும் அந்தப் பின்னல் வேலைதான் காரணம். இரண்டு மூன்று படங்களைக் கையில் வைத்துக்கொண்டுதான் பெட்டியால் அதைச் செய்ய முடியும். 60 ஹேர்ட்ஸில் ஒரு படம் என்பது 16.7 மில்லி செக்கன். அதன்மேல் டிவியும் தன் பங்குக்குப் படத்தை மெருகேற்றுகிறேன் என்று கொஞ்சம் தாமதிக்கும். டிவி மெனுவில் கேம் மோட் என்று ஒன்று இருக்கும், அதை முதலில் போடுங்கள். சல்லிக்காசு செலவில்லை. நூற்றில் ஒருவர்கூட அதைத் தொட்டுப் பார்ப்பதில்லை.

50 ஹேர்ட்ஸ் கேமை எப்போதும் 60 ஹேர்ட்ஸிலேயே வெளியே அனுப்புகிற மலிவுப் பெட்டிகளும் உண்டு. ஐந்து படத்துக்கு ஒரு படம் இரண்டு தடவை வரும், திரை தத்தித் தத்தி நகரும். பிஎஸ் 2 கேம் தொடக்கத்தில் 50ஆ 60ஆ என்று கேட்டால் 60ஐ அமுக்குங்கள்.

சரி, என்ன செய்யலாம்? பெட்டியை யோசிப்பதற்கு முன் வயரை யோசியுங்கள். மஞ்சள் வயரில் நிறமும் வெளிச்சமும் ஒரே கம்பியில் கலந்து வருகின்றன. கலந்த பிறகு எந்த விலைப் பெட்டியாலும் அதை முழுதாகப் பிரிக்க முடியாது, பாலில் கலந்த தண்ணீரைப் பிரிக்கிற கதை. பிஎஸ் 2க்குப் பச்சை, நீலம், சிவப்பு உள்ள கொம்பொனன்ட் வயர் கிடைக்கும். அதைப் போடுவதற்கு முன், மஞ்சள் வயர் இருக்கும்போதே, கன்சோலின் சிஸ்டம் கன்ஃபிகரேஷனில் கொம்பொனன்ட் வீடியோ அவுட் எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். அது ஆர்ஜிபியில் இருந்தால் மற்ற நிலைக்கு மாற்றுங்கள். மாற்றாவிட்டால் நிறம் கெட்டோ, படமே வராமலோ போகும், நீங்கள் வயரைத் திட்டுவீர்கள்.

தம்பியின் மெஷினைக் கடை டிவியில் கொம்பொனன்டில் மாட்டினேன். பிஎஸ் 2 டிஸ்க் பளிச்சென்று வந்தது, பெட்டியே தேவைப்படவில்லை. பிஎஸ் 1 டிஸ்க்கைப் போட்டதும் திரை கறுப்பு. "ஒடைஞ்சிருச்சா அண்ணே?" உடையவில்லை. பிஎஸ் 1 கேமை பிஎஸ் 2 அதே 240பியில்தான் அனுப்பும். கொம்பொனன்ட் வழியாக அது வந்தால் பல டிவிகளுக்கு அடையாளமே தெரியாது. இந்த இடத்தில்தான் உண்மையாக அப்ஸ்கேலர் வேண்டும்.

அந்த வகையில் ஓஎஸ்எஸ்சி என்பது கோடு கோடாகப் பெருக்கி உடனே அனுப்புவது, தாமதம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அதில் மஞ்சள் வயருக்கு இடமில்லை. அதை வாங்கிக்கொண்டு மஞ்சள் வயரோடு வந்தவர்களும் இருக்கிறார்கள். ரெட்ரோடிங்க் 2எக்ஸ் மஞ்சளையும் எடுக்கும், எஸ் வீடியோவையும் கொம்பொனன்டையும் எடுக்கும். அதே ரெட்ரோடிங்க் வரிசையில் 2021இல் வந்த 5எக்ஸ், 2023இல் வந்த 4கே இரண்டும் அருமையானவை, விலையும் அப்படியே. தேயிலைத் தோட்டத்துச் சம்பளத்தில் அதை வாங்கு என்று யாருக்கும் நான் சொல்லமாட்டேன். சோல்டரிங் தெரிந்த பிள்ளைகளுக்கு ஜிபிஎஸ் 8200 என்ற மலிவு போர்ட் இருக்கிறது. ஜிபிஎஸ் கன்ட்ரோல் என்ற இலவச மென்பொருளோடு ஒரு சின்ன வைஃபை சிப்பைச் சேர்த்தால் 240பியை ஒழுங்காகப் புரிந்துகொள்ளும். பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

பொம்மைக் கடையில் வாங்கிய பழைய டிவி கேம் வைத்திருப்பவர்களே, தயவுசெய்து பெரிய பெட்டிக்குச் செலவழிக்காதீர்கள். அதிலிருந்து வருவது மஞ்சள் ஒன்றுதான். உங்கள் டிவியின் பின்னால் மஞ்சள் துளை இல்லாவிட்டாலும் பல டிவிகளில் பச்சைத் துளையின் பக்கத்தில் வீடியோ என்றும் எழுதியிருக்கும். அப்படி இருந்தால் மஞ்சளை அதில் செருகிப் பாருங்கள். அதோடு வந்த துப்பாக்கி மட்டும் தட்டை டிவியில் சுடாது. குழாய் டிவி படம் வரைகிற நேரத்தைப் பிடித்து வேலை செய்கிற சாமான் அது, எந்தப் பெட்டியாலும் அதைச் சுட வைக்க முடியாது.

இனித் திட்டப் போகிறேன். ஜப்பான் கன்சோலை நேராக நம் சுவரில் செருகாதீர்கள். ஜப்பானில் 100 வோல்ட், நம் ஊரில் 230. "சின்ன சாமான்தானே" என்று செருகி, புகை வந்த பிறகு துணியில் சுற்றிக்கொண்டு வருகிறீர்கள். அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள், 100 என்றிருந்தால் வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கிற ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபோமர் வேண்டும். இன்னொன்று, சுப்பர் ஃபெமிகொமுக்கும் முதல் மெகா டிரைவுக்கும் வீட்டு ரவுட்டர் அடாப்டரைப் போடாதீர்கள். அந்த மெஷின்களுக்கு நடு ஊசி மைனஸ், ரவுட்டருக்குப் பெரும்பாலும் நடு ஊசி பிளஸ். முனை அழகாகப் பொருந்தும். அதுதான் ஆபத்து.

ஏப்ரலிலும், ஒக்டோபர் நவம்பரிலும் பின்னேரத்தில் இடி இறங்கும் என்று இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் ப்ளக்கைக் கழற்றிவிட்டு டிஷ் வயரை அப்படியே விடுகிறீர்கள். மின்னல் அந்த வயரிலும் வரும். அதையும் கழற்றுங்கள். குழாய் டிவியைப் பிள்ளைகள் திறக்க விடாதீர்கள். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும்.

தம்பிக்குக் கடைசியில் ஒரு கொம்பொனன்ட் வயரும், நான் சேர்த்து வைத்திருந்த ஒரு ஜிபிஎஸ் போர்டும் போதுமாக இருந்தன. வெள்ளைப் பெட்டியை வைத்துக்கொள்ளச் சொன்னேன், பாட்டி வீட்டுக் குழாய் டிவிக்கு என்றாவது உதவும்.

நீங்கள் வருவதென்றால் கன்சோல், அதன் வயர், அதன் அடாப்டர் மூன்றையும் கொண்டு வாருங்கள். டிவியை பஸ்ஸில் தூக்கி வர வேண்டாம். பின்பக்கத் துளைகள் தெளிவாகத் தெரிகிற மாதிரி போனில் ஒரு படம் எடுத்து வந்தால் போதும்.