ஸ்டைபெண்ட்: கூலியா, உதவியா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, திரிலோக்புரியிலிருந்து ஒரு பையனும் அவன் அம்மாவும் மயூர் விஹாரில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பையனுக்கு வயது பத்தொன்பது. ஐடிஐயில் இரண்டு வருஷம் ஃபிட்டர் படித்து முடித்தவன். ஊர் கள்ளக்குறிச்சிப் பக்கம் என்றாலும் அவன் பிறந்து வளர்ந்தது தில்லியில்தான். இந்தி தண்ணீர்பட்ட பாடு. தமிழ் நன்றாகப் பேசுவான், படிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டுவான். கையில் ஒரு தொழிற்சாலை கொடுத்த தாள். அதில் ஒரு வரிக்கு அவனே பேனாவால் அடிக்கோடு போட்டிருந்தான்: ஸ்டைபெண்ட், மாதம் 8,050 ரூபாய்.

"இது சம்பளமா சார், வேற எதாவதா? கேட்டா சம்பளம் இல்லம்மா, ஸ்டைபெண்டுங்கறான். அப்போ சம்பளம் எப்ப வரும்?" என்று அந்த அம்மா கேட்டார். நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து, வீடு பெருக்கிப் பிள்ளையைப் படிக்க வைத்தவர் அவர்.

நான் சட்டென்று "உதவித்தொகைம்மா" என்று சொல்லிவிட்டேன். அகராதியில் இருக்கிற சொல் அதுதான். அவர் முகம் உடனே மலர்ந்தது. "ஓ, கவர்மெண்டு உதவியா? நல்லது சார்" என்றார். அப்போதுதான் எவ்வளவு தப்பான சொல்லைச் சொல்லிவிட்டோம் என்று எனக்கு உறைத்தது. பையன் வாரத்தில் ஆறு நாள் பட்டறையில் நிற்கப்போகிறான். அதற்குக் கிடைக்கிற பணத்தை யாரோ மனமிரங்கிக் கொடுப்பதாக அவன் அம்மாவை நினைக்க வைத்துவிட்டேன். அதனால்தான் இந்தச் சொல்லைக் கொஞ்சம் தோண்டிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

ஸ்டைபெண்ட் லத்தீனிலிருந்து வந்த சொல். மூலச் சொல் 'ஸ்டிபெண்டியம்'. அதில் இரண்டு துண்டுகள் உண்டு. 'ஸ்டிப்ஸ்' என்றால் சில்லறைக் காசு, காணிக்கைக் காசு. 'பெண்டெரே' என்றால் நிறுப்பது, நிறுத்துக் கொடுப்பது. காசை எண்ணாமல் எடைபோட்டுக் கொடுத்த காலத்துச் சொல். ரோமாபுரியில் இதை யாருக்குக் கொடுத்தார்கள் தெரியுமா? படைவீரனுக்கு. அவன் ஈட்டி பிடித்து நின்றதற்கான சம்பளம்தான் ஸ்டிபெண்டியம். நம் மொழியில் கூலிப்படை என்று ஒரு சொல் இருக்கிறதே, அதிலுள்ள 'கூலி'க்கு நேர் லத்தீன் இதுதான். பிற்பாடு ஆங்கிலத்தில் பாதிரிமாருக்குக் கொடுக்கும் தொகைக்கு இந்தப் பெயர் வந்தது. அப்புறம் ஆராய்ச்சி மாணவர்களுக்கு, கடைசியில் தொழில் பழகும் பிள்ளைகளுக்கு. சம்பளம் என்றே பிறந்த சொல், இன்றைக்கு 'இது சம்பளம் கிடையாது' என்று சொல்வதற்குப் பயன்படுகிறது.

சட்டத்திலும் அப்படித்தான் இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம், பதினெட்டாம் பிரிவில், தொழிற்பழகுநர், அதாவது அப்ரெண்டிஸ், பயிற்சி பெறுபவர்தான், தொழிலாளி ஆகமாட்டார் என்கிறது. தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தாது என்றும் சேர்த்துச் சொல்கிறது. 2019இல் வந்து, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பும் அந்தச் சட்டத்தின் கீழ் சேர்ந்த பழகுநரை 'பணியாளர்' என்ற சொல்லுக்கு வெளியே வைத்துவிட்டது. ஆக, பழகுநராகச் சேரும் இந்தப் பையனுக்குக் குறைந்தபட்சக் கூலி கிடையாது.

அந்த வித்தியாசம் எவ்வளவு என்று பார்த்துவிடுவோம். 2025 ஏப்ரல் முதல் தில்லி அரசு வைத்த குறைந்தபட்சக் கூலி, எந்தத் தொழிலும் பழகாத ஆளுக்கு மாதம் 18,456 ரூபாய். அரைகுறையாகத் தொழில் தெரிந்தவருக்கு 20,371. தொழில் கற்றவருக்கு 22,411. இருபத்தாறு வேலை நாளுக்கு வகுத்தால், தொழில் தெரியாத ஹெல்பருக்கு நாளுக்குச் சுமார் 710 ரூபாய் வரவேண்டும். இரண்டு வருஷம் ஃபிட்டர் படித்த இந்தப் பையனுக்கு 310கூட முழுசாக வராது. தில்லியின் தொழிற்பேட்டைகளான ஓக்லாவிலும் நாராயணாவிலும் 'ஹெல்பர் சாஹியே' (ஹெல்பர் தேவை) என்று கேட்டில் தொங்கும் அட்டையைப் பார்த்துப் போனவனுக்கு, சட்டப்படி, படித்தவனைவிட இரண்டு மடங்குக்கு மேல். (அந்த ஹெல்பருக்கும் பல இடங்களில் சட்டம் சொன்னது கைக்கு வருவதில்லை. அது தனிச் சோகம்.)

எப்போதும் இப்படி இருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 2014இல் விதிகளைத் திருத்தியபோது, பழகுநரின் தொகையைக் குறைந்தபட்சக் கூலியோடு கட்டிவைத்தார்கள். அரைகுறைத் தொழில் தெரிந்தவரின் கூலியில் முதல் வருஷம் 70 விழுக்காடு, இரண்டாம் வருஷம் 80, அப்புறம் 90. கூலி ஏறினால் இதுவும் ஏறும். 2019இல் அந்த முடிச்சை அவிழ்த்துவிட்டு, படிப்புக்கு ஏற்ப 5,000 முதல் 9,000 வரை என்று ஒரே எண்ணாக நிறுத்திவிட்டார்கள். பையன் தாளில் இருக்கும் 8,050 அந்தக் கணக்கில் வந்ததுதான்: ஐடிஐ சான்றிதழுக்கு 7,000, அதன்மேல் இரண்டு வருஷப் படிப்புக்காக 15 விழுக்காடு. 2025 மே மாதம் மத்தியப் பழகுநர் குழு இதை 36 விழுக்காடு உயர்த்தலாம் என்று பரிந்துரைத்தது.

சரி, தமிழுக்கு வருவோம். கூலி, சம்பளம், ஊதியம் என்று நமக்கு மூன்று சொற்கள் புழக்கத்தில் இருக்கின்றன. இதில் ஊதியம்தான் இப்போது மரியாதைக்குரிய சொல். அரசாணையில் அதுதான் வருகிறது. ஆனால் வள்ளுவரிடம் போனால் வேறு மாதிரி. "ஈதல் இசைபட வாழ்தல் அதுவல்லது ஊதியம் இல்லை உயிர்க்கு" என்கிறாரே, அங்கே ஊதியம் என்றால் ஆதாயம், லாபம். உழைப்புக்குக் கிடைப்பதைச் சொல்லவேண்டிய இடத்தில் அவர் எடுத்த சொல் வேறு. "தெய்வத்தான் ஆகா தெனினும் முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்." மெய் வருந்தினால் கூலி. தெய்வமே கைவிட்டாலும் அது வந்தாகவேண்டும் என்கிறார். இந்தக் கூலியில் இரக்கத்துக்கு இடமே இல்லை, பாக்கி மட்டும்தான் இருக்கிறது. உடம்பு வருந்தியது, அதற்கு வரவேண்டியது வரவேண்டும். ஒரு தொழிலாளர் சட்டத்துக்கு இதைவிட நல்ல அடித்தளம் எனக்குத் தெரிந்து இல்லை.

பிறகு ஏன் நமக்கு 'கூலி' என்று சொல்லக் கூச்சம்? பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேற்றி அனுப்பிய நம் ஜனங்களை, நேட்டாலிலும் ஃபிஜியிலும் மொரீஷியஸிலும் வெள்ளைக்காரன் அந்தப் பெயராலேயே கூப்பிட்டான். அந்த ஆங்கிலச் சொல்லுக்கு மூலம் நம் தமிழ்க் கூலி என்று ஒரு கட்சி, மேற்குக் கரையின் கோலி இனப் பெயர் என்று இன்னொரு கட்சி. எதுவானாலும், கொடுத்த பணத்துக்கு இருந்த பெயர் ஆளின் பெயராகி, ஆளின் பெயர் வசவாகிவிட்டது. படித்த வீடுகள் சம்பளத்துக்கும் ஊதியத்துக்கும் நகர்ந்துவிட்டன. வெயிலில் நின்றவர்களிடம் மட்டும் கூலி தங்கியது. அவர்கள் அதை எவ்வளவு அழகாக வைத்திருக்கிறார்கள் பாருங்கள்: அத்தக்கூலி என்கிறார்களே, அது அற்றைக்கூலி. அற்றை என்றால் அன்றைய நாள். அன்றைய உழைப்புக்கு அன்றைக்கே கணக்குத் தீர்ப்பது. இங்கே தில்லியில், தினக்கூலிக்கு ஆள் எடுக்கும் லேபர் சௌக்கில் காலை ஆறு மணிக்கு நிற்பவர்கள் இதையே திஹாடி என்கிறார்கள்.

'குறைந்தபட்சம்' பற்றி ஒரு வார்த்தை. பட்சம் வடமொழி, பக்கம், சிறகு என்று பொருள். குறைந்த பக்கத்து எல்லை என்பது கருத்து. சிறுமம் என்று கணக்குப் புத்தகக்காரர்கள் சொல்வார்கள். எனக்குக் கீழ்வரம்பு பிடிக்கும். வரம்பு என்றால் வயல் வரப்பும்தான். தண்ணீர் வெளியே ஓடாமல் தடுத்து நிற்பது. அதில் ஒரு இடத்தில் மண்வெட்டி போட்டால் போதும், மொத்த வயலும் காய்ந்துவிடும்.

வரப்பு இந்த ஊரில் வெட்டப்பட்ட ஒரு சம்பவம் சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. 1982 ஆசிய விளையாட்டுகளுக்காகத் தில்லியில் அரங்கங்களும் மேம்பாலங்களும் எழும்பிக்கொண்டிருந்தன. வேலைக்காரர்களுக்கு நாளுக்கு 9 ரூபாய் 25 காசு வரவேண்டும். பணம் ஆள் பிடித்துத் தரும் ஜமாதார் கைக்குப் போகும். அவர் ஆளுக்கு ஒரு ரூபாய் கமிஷன் எடுத்துக்கொண்டு 8 ரூபாய் 25 காசு கொடுத்தார். அந்த ஒரு ரூபாய் உச்ச நீதிமன்றம் வரை போனது. நீதிபதி பகவதி எழுதிய தீர்ப்பு, குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே ஒருவரை வேலை வாங்குவது கட்டாய உழைப்பு, அது அரசியல் சாசனத்தின் 23ஆம் பிரிவு தடை செய்தது என்றது. சங்கிலி போட்டுக் கட்டினால்தான் கட்டாயமா? பசியும் வேறு வழியில்லாமையும் கட்டாயம்தான் என்று நீதிமன்றம் சொன்னது. ஒரு ரூபாய்க்குச் சொன்னது.

பிள்ளைகளுக்கு மட்டும் வரம்பைத் தாழ்த்தலாமா என்பது உலகம் முழுக்க நடக்கிற வாதம். நம் 1948ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டமே வளர்ந்தவர், இளையோர், பழகுநர் என்று தனித்தனி விகிதம் வைக்க இடம் கொடுத்தது. முழுக்கூலி கொடு என்றால் அனுபவம் இல்லாத பையனை எந்த முதலாளி எடுப்பார் என்பது ஒரு பக்கத்துக் கேள்வி. அதை நான் தள்ளிவிட மாட்டேன். டென்மார்க்கில் பதினெட்டு வயது ஆனதும் கூலி சராசரியாக 40 விழுக்காடு ஏறுகிறது. அந்த வயதைத் தாண்டும் இடத்தில் வேலையில் இருப்போர் எண்ணிக்கை 33 விழுக்காடு விழுவதை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். மறுபக்கம், அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலம் 1992இல் மணிக்கு 4.25 டாலரை 5.05 ஆக்கியபோது, இளைஞர்கள் நிறைந்த துரித உணவுக் கடைகளில் வேலை குறையவில்லை என்று பொருளாதார அறிஞர்கள் டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் கண்டார்கள். அதை மறுத்து எழுதியவர்களும் உண்டு. கார்டுக்கு 2021இல் நோபல் கிடைத்தது.

எனக்குத் தோன்றுவது இதுதான். டென்மார்க்குப் பையனுக்கு வேலை போனாலும் பள்ளிக்கூடம் இருக்கிறது, சோறு இருக்கிறது. நம் ஊரில் 15 முதல் 29 வயதுக்குள் வேலையில் இருப்போரும் வேலை தேடுவோருமாகச் சேர்ந்தவர்களில் 2023-24இல் 10.2 விழுக்காட்டினருக்கு வேலை இல்லை. எல்லா வயதையும் சேர்த்தால் 3.2தான். இப்படிக் காத்துக் கிடக்கும் பிள்ளையிடம் எந்தத் தாளை நீட்டினாலும் கையெழுத்துப் போடுவான். உண்மையாகவே தொழில் சொல்லிக்கொடுக்கிற இடத்தில், குறித்த காலத்துக்கு, கூலியோடு கட்டிய ஒரு பங்கு கொடுத்தால் அது நியாயம். 2014 விதி கிட்டத்தட்ட அதுதான். கற்றுக்கொடுக்காமல் லைனில் நிறுத்தி முழு ஆள் வேலை வாங்கிவிட்டு அதற்கு ஸ்டைபெண்ட் என்று பெயர் வைத்தால், அது அந்த ஒரு ரூபாய் கமிஷனின் பேரப்பிள்ளை.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. 'ட்ரெய்னி' என்று அட்டையில் அச்சடித்துவிட்டால் மட்டும் ஒருவன் கூலிச் சட்டத்துக்கு வெளியே போய்விடமாட்டான். பழகுநர் சட்டத்தின் கீழ் ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்திருக்கவேண்டும். அது இல்லாமல் வேலை வாங்கினால் அவன் தொழிலாளிதான், முழுக் குறைந்தபட்சக் கூலியும் அவனுக்கு உண்டு. பதிவு செய்த பழகுநரையும் அதிகாரியின் அனுமதி இல்லாமல் ஓவர்டைம் பார்க்க வைக்கக்கூடாது. நான் முதலில் பையன் தாளில் தேடியது பதிவு எண்ணைத்தான். இருந்தது.

அப்போ தமிழில் என்ன சொல்வது? உதவித்தொகை கூடாது, பள்ளிப் பிள்ளைக்கும் முதியோருக்கும் கொடுப்பது அது. ஊக்கத்தொகை என்றால் போனஸ் மாதிரி. பயிற்சிப்படி என்று சிலர் எழுதுகிறார்கள், மோசமில்லை. படி என்பது நெல் அளக்கும் படி. பஞ்சப்படி, பயணப்படி எல்லாம் அந்த வழியில் வந்தவை. ஆனால் அவை சம்பளத்துக்கு மேலே வருகிற துணைத்தொகை. இவனுக்கு மேலும் கீழும் அதுவேதான். போதாததற்குப் 'படியளக்கிற மவராசன்' என்கிற வாசனையும் அதில் வருகிறது.

பயிற்சிக்கூலி என்பதே என் தேர்வு. பழகுகிற காலம் என்பதும் அதில் இருக்கிறது, மெய் வருந்தியதற்கான பாக்கி என்பதும் இருக்கிறது. ரோமாபுரிச் சிப்பாய்க்குக் கொடுத்த அர்த்தத்துக்கும் அதுதான் கிட்டே வருகிறது.

அன்றைக்கு அந்த அம்மாவிடம் நான் சொன்னதைத் திருத்தினேன். தாளின் பின்பக்கம் தமிழில் 'பயிற்சிக்கூலி, மாதம் 8,050' என்று பெரிதாக எழுதி, அதன் கீழே, ஒரு மாதத்துக்கானதை அடுத்த மாதம் பத்தாம் தேதிக்குள் கொடுத்துவிடவேண்டும் என்ற விதியையும் எழுதிக் கொடுத்தேன். பையன் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி அம்மாவுக்குப் படித்துக் காட்டினான்.

"கூலியா சார்? அப்ப பத்தாம் தேதி தாண்டினா போய்க் கேக்கலாமா?"

"கேட்கலாம்மா."

தாளை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார்.