பருத்திக்குள் பதிந்த தண்ணீர்

2020 ஜூலையில், சீனாவின் ஷின்ஜியாங் பகுதியின் கம்யூனிஸ்ட் கட்சிச் செயலாளராக இருந்த சென் குவாங்குவோ மீது அமெரிக்கா தடை விதித்தது. உய்குர் முஸ்லிம்கள் உள்ளிட்ட பத்து லட்சம் பேர்வரை அங்குள்ள முகாம்களில் அடைக்கப்பட்டதாக மதிப்பீடுகளும், கட்டாய உழைப்பு வாங்கப்படுவதாகக் குற்றச்சாட்டுகளும் வந்திருந்தன. அந்த முகாம்கள் தொழிற்பயிற்சி மையங்கள் என்றது சீனா. இப்படித் தனிமனிதர் மீது விழும் தடை இயங்கும் விதம் எளிது. பெயர் பட்டியலில் ஏறினால் அமெரிக்காவில் உள்ள சொத்து முடங்கும், விசா கிடைக்காது, அந்தப் பெயரோடு வரவுசெலவு வைக்க வங்கிகள் அஞ்சும்.

பஞ்சு மூட்டைக்குப் பெயரும் இல்லை, பாஸ்போர்ட்டும் இல்லை. உலகப் பருத்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஷின்ஜியாங்கில் விளைகிறது. அது ஒரு மில்லில் பல நாட்டுப் பஞ்சோடு கலந்து நூலாகி, இன்னொரு நாட்டில் துணியாகி, வேறொரு நாட்டில் டி-ஷர்ட்டாகி அமெரிக்கத் துறைமுகத்தில் வந்து இறங்குகிறது. அதில் யாருடைய கட்டாய உழைப்பு இருக்கிறது என்று சுங்க அதிகாரி எப்படிக் கண்டுபிடிப்பார்?

கட்டாய உழைப்பில் உருவான சரக்கைத் தடுக்கும் சட்டம் அமெரிக்காவில் 1930 முதலே இருக்கிறது. உள்நாட்டுத் தேவைக்குப் போதாத பொருளென்றால் விட்டுவிடலாம் என்று அதில் ஓர் ஓட்டை இருந்தது. அதை அடைத்ததே 2016-ல்தான். ஆனாலும் சந்தேகத்துக்கான ஆதாரத்தை அரசுதான் திரட்ட வேண்டும். ஷின்ஜியாங்குக்குள் போய் யார் விசாரிப்பது? தொழிற்சாலைத் தணிக்கை செய்யும் நிறுவனங்கள் பலவும் 2020-லேயே அங்கே வேலை செய்ய முடியாதென்று ஒதுங்கிவிட்டன.

2021 டிசம்பர் 23 அன்று கையெழுத்தாகி 2022 ஜூன் 21 முதல் அமலான உய்குர் கட்டாய உழைப்புத் தடுப்புச் சட்டம் இந்தச் சுமையைத் தலைகீழாக்கியது. ஷின்ஜியாங்கில் முழுதாகவோ ஓரளவோ உருவான எந்தப் பொருளும் கட்டாய உழைப்பில் உருவானதென்றே சட்டம் அனுமானிக்கும். மறுக்க விரும்பினால் தெளிவான, நம்பவைக்கும் அளவுக்கு வலுவான சான்றை இறக்குமதியாளர் கொண்டுவர வேண்டும். அது ஏறக்குறைய நடக்காத காரியம். அதனால் பெரும்பாலோர் இன்னொரு வழியில் போகிறார்கள்: “என் சரக்கில் ஷின்ஜியாங் பொருளே இல்லை” என்று காட்டுவது. வியட்நாமில் தைத்தாலும் திருப்பூரில் தைத்தாலும் விதி ஒன்றுதான்.

என் பார்வையில் இந்தச் சட்டத்தின் சாமர்த்தியம் இங்கேதான் இருக்கிறது. தொழிலாளி விருப்பப்பட்டு வேலை செய்தாரா என்பதை எந்தக் கருவியாலும் அளக்க முடியாது. பருத்தி எங்கே விளைந்தது என்பதை ஓரளவுக்கு அளக்கலாம்.

மரபணுச் சோதனை இதற்கு அவ்வளவாக உதவாது. ஒரே ரக விதையை எந்த நாட்டிலும் விதைக்கலாம் என்பதால் டிஎன்ஏ ரகத்தைச் சொல்லும், ஊரைச் சொல்லாது. ஊரைச் சொல்வது செடி குடித்த தண்ணீர்.

தண்ணீரில் உள்ள ஆக்சிஜன் அணுக்களில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ இரண்டு மட்டும் சற்றுக் கனமானவை: ஆக்சிஜன்-18. ஹைட்ரஜனிலும் டியூட்டீரியம் என்ற கனமான ஐசோடோப் (அதே தனிமத்தின் நிறை வேறுபட்ட அணு) லட்சத்துக்குச் சுமார் 15 இருக்கும். கடலில் உருவாகும் மேகம், வழியெல்லாம் கனத்த மூட்டைகளை முதலில் இறக்கிக்கொண்டே போகும் லாரி மாதிரி. கனமான நீர் மூலக்கூறுகள் முந்தி மழையாகிவிடும். உள்நாட்டுக்குள் போகப் போக, மலையேறிக் குளிரக் குளிர, மிச்சமிருப்பது இலேசான நீர். ஷின்ஜியாங்கோ உலகிலேயே கடலுக்கு மிகத் தொலைவான நிலப்பரப்புகளில் ஒன்று. அங்கே வயலுக்குப் பாய்வதில் பெரும்பகுதி தியான்ஷான், குன்லுன் மலைகளின் பனி உருகிய நீர். அதோடு பாலைவனத்தின் வறண்ட காற்று இலையிலிருந்து இலேசான மூலக்கூறுகளை உறிஞ்சிவிட, இலைக்குள் மறுபடி கனமானவை கூடும். இந்த இரண்டு எதிரெதிர் விளைவுகளும் சேர்ந்து தரும் விகிதம், மழை கொட்டும் கடலோரத்துப் பருத்தியில் அமையாது.

பருத்தி இழை ஒவ்வொன்றும் விதைமேல் வளரும் ஒற்றைச் செல். பெரும்பகுதி செல்லுலோஸ் என்ற தாவர நார்ப்பொருள். காய் முற்றும் வாரங்களில் படியும் அந்தச் செல்லுலோஸில் அந்தப் பருவத்து நீரின் ஆக்சிஜன் சிக்கிக்கொள்கிறது. நூற்றாலும் நெய்தாலும் அது எளிதில் மாறாது. ஹைட்ரஜன் அவ்வளவு நம்பகமானதில்லை. அதில் ஒரு பங்கு காற்றின் ஈரத்தோடு இடம் மாறிக்கொள்ளும், அதற்குத் தனித் திருத்தம் வேண்டும்.

ஆய்வகத்தில் துணியிலிருந்து சில இழைகளை எடுத்து, சாயத்தையும் மெழுகையும் நீக்கி, ஒரு மில்லிகிராமுக்கும் குறைவான துணுக்கை வெள்ளித் தகடாலான சிறு குப்பிக்குள் மடிப்பார்கள். சுமார் 1,400 டிகிரி செல்சியஸில் ஆக்சிஜன் இல்லாத உலையில் அது விழும்போது, இழையில் இருந்த ஆக்சிஜன் முழுவதும் கார்பன் மோனாக்சைடாக வெளிவரும். நிறை நிறமாலைமானி என்ற கருவியின் காந்தப்புலம் அந்த வாயுவை நிறை 28 (சாதா ஆக்சிஜன் உள்ளது), நிறை 30 (ஆக்சிஜன்-18 உள்ளது) என்று பிரித்து எண்ணுகிறது. கிடைக்கும் விகிதத்தைப் பல நாட்டு வயல்களில் எடுத்த மாதிரிகளின் தரவுத்தளத்தோடு ஒப்பிடுவார்கள். மண்ணின் நுண்தனிமங்களையும் சேர்த்துப் பார்ப்பவர்களும் உண்டு.

அமெரிக்கச் சுங்கத்துறை 2022 இறுதியிலிருந்து 2023 மே வரை சோதித்த 86 மாதிரிகளில் 13, ஷின்ஜியாங் பருத்தியோடு பொருந்தின. 2024-ல் வெளியான மற்றொரு ஆய்வு, கடைகளிலிருந்து வாங்கிய 822 பொருட்களில் 19 சதவீதத்தில் அதன் தடயம் இருப்பதாகச் சொன்னது. சிக்கியவற்றில் பாதிக்கு மேல் அமெரிக்கப் பருத்தி என்று லேபிள் ஒட்டியவை! (ஆய்வை நடத்தியவர்கள் இந்தச் சோதனையை விற்கும் நிறுவனத்தார் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.)

“பொருந்துகிறது” என்பது “நிரூபணம்” ஆகாது. மத்திய ஆசியாவின் அண்டை நாடுகளிலும் பனி உருகிய நீர்தான், அதே வறட்சிதான். பல ஊர்ப் பஞ்சு கலந்த நூலில் விகிதமும் சராசரியாகி மங்கிவிடும். அதனால் ஐசோடோப் முடிவு, காகிதச் சங்கிலியில் எங்கே பொய் இருக்கிறது என்று தேட வைக்கும் துப்பு மட்டுமே. பேல் (பஞ்சுப் பொதி) எண், ஜின்னிங் (விதை நீக்கும்) ஆலையின் ரசீது, கப்பல் ஆவணம் எல்லாம் இன்னமும் வேண்டும்.

சோலார் பேனலில் துப்புக்கும் வழியில்லை. அதன் மூலப்பொருளான பாலிசிலிக்கான் என்ற தூய சிலிக்கானில் ஒரு பெரும்பங்கு ஷின்ஜியாங்கில் உருவாகி வந்தது. வாயுவாக்கி, வடித்து, மறுபடி படிகமாக்கும் சுத்திகரிப்பின் நோக்கமே அந்நியத் தனிமங்களை நூறு கோடிக்கு ஒன்று என்ற அளவுக்கும் கீழே விரட்டுவது. ஊரைக் காட்டிக்கொடுக்கும் நுண்தனிமங்களும் அதோடு போய்விடும்.

இதைவிடப் பெரிய ஓட்டை, ஆட்களையே இடம் மாற்றுவது. 2017 முதல் 2019 வரை 80,000-க்கும் மேற்பட்ட உய்குர்கள் சீனாவின் பிற மாகாணத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பப்பட்டதாக ஆஸ்திரேலிய ஆய்வு நிறுவனம் ஒன்று மதிப்பிட்டது. அங்கே தைக்கும் சட்டையில் டெக்சாஸ் பருத்தி இருக்கலாம்; ஐசோடோப் அதைச் சுத்தமென்றே சொல்லும். இதற்காகவே சட்டத்தில் நிறுவனப் பட்டியல் ஒன்று தனியாக இருக்கிறது. அதில் ஏறிய நிறுவனத்தின் சரக்கு எந்த மாகாணத்திலிருந்து வந்தாலும் ஷின்ஜியாங் சரக்குக்குரிய அதே அனுமானம் பொருந்தும். 2025 ஜனவரியில் 37 நிறுவனங்கள் சேர்ந்து அந்தப் பட்டியல் 144-ஐத் தொட்டது.