பாட்டு முடியும்போது அவள் ஏன் சிரிக்கிறாள்?

நம் படங்களில் பார்த்துப் பழகிய காட்சிதான். பஸ் ஸ்டாப்பில் தொடங்கி காலேஜ் வாசல் வரை கதாநாயகன் பின்னாலேயே போவான். அவள் முறைப்பாள், வழி மாறி நடப்பாள், "வேண்டாம்" என்பாள். கடைசிச் சரணத்தில் திரும்பிப் பார்த்துச் சிரிப்பாள். ஆறு வயதுக் குழந்தை அந்தச் சிரிப்பைத்தான் பிடித்துக்கொள்கிறது: விடாமல் துரத்தினால் பலன் உண்டு.

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1965இல் வெளியிட்ட ஆய்வு இதை விளக்கும். ஒருவர் பொம்மையை அடிக்கும் படத்தைக் குழந்தைகளுக்குப் போட்டார்கள். ஒரு குழு பார்த்த படத்தில் அவருக்குப் பாராட்டு, இன்னொன்றில் தண்டனை, மூன்றாவதில் எதுவுமில்லை. தண்டனையைப் பார்த்த குழந்தைகள் குறைவாகவே அடித்தார்கள். ஆனால் "பார்த்ததைச் செய்து காட்டினால் பரிசு" என்றதும் மூன்று குழுவினரும் ஏறக்குறைய ஒரே அளவுக்குச் செய்து காட்டினார்கள். பாடம் எல்லோருக்குள்ளும் போயிருந்தது. சினிமாவின் கடைசிப் பத்து நிமிட அறிவுரையால் முந்தைய இரண்டு மணி நேரம் அழியாது என்பது இதனால்தான். தியேட்டர் விசிலும் பாராட்டுதான், பக்கத்தில் அப்பா சிரிப்பதும் பாராட்டுதான்.

பெண் பிள்ளைகளுக்கு வேறு பாடம். ஜீன்ஸ் போட்டு எதிர்த்துப் பேசியவள் "திருந்தியதும்" புடவையில் தலைகுனிந்து வருவாள்.

மூன்று வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் தன்னை ஆண், பெண் என்று சொல்லிவிடும். முடி, உடை மாறினாலும் அது மாறாது என்பது ஆறேழு வயதில்தான் உறுதிப்படும். அதுவரை "ஆம்பளைப் பிள்ளை அழக் கூடாது" என்ற வசனம் குழந்தைக்கு வெறும் வசனம் அல்ல, சட்டம்.

பதறிப்போய்ச் சேனலை மாற்றாதீர்கள். குழந்தைக்கு ஆர்வம் கூடும், கேள்வி கேட்பது நின்றுவிடும். படம் முழுக்கப் பிரசங்கமும் வேண்டாம். ஒரே இடத்தில் நிறுத்தி, ஒரே கேள்வி. ஐந்து வயதென்றால், "அந்த அக்கா முகத்தைப் பாரு, அவங்களுக்கு இது பிடிச்சிருக்கா?" எட்டு வயதென்றால், "வேண்டாம்னு சொன்னாங்களே, அப்புறம் அவர் என்ன பண்ணியிருக்கணும்?" பதில் தவறாக வந்தாலும் உடனே திருத்தாமல், "ஏன் அப்படித் தோணுது?" என்று கேளுங்கள். குழந்தை எதைக் கற்றிருக்கிறது என்பது அந்த இரண்டாவது பதிலில்தான் வெளிவரும்.

பதின்மூன்றைத் தாண்டிய பிள்ளையிடம் சட்டத்தை நேராகவே சொல்லலாம். விருப்பமில்லை என்று தெரிவித்த பெண்ணைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்வது 2013 முதல் தனிக் குற்றம். இப்போது புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவில் இருக்கிறது. முதல் முறைக்கே மூன்று ஆண்டு வரை சிறை.

விசேஷ வீடுகளில் ஐந்து வயதுப் பையனை நிறுத்தி, "உன் ஹீரோயின் யாருடா?" என்று கேட்டுச் சிரிக்கும் வழக்கத்தை இந்த வாரமே விட்டுவிடலாம்.