செண்டுமல்லியை என்றைக்குக் கிள்ளுவது?

போன வருடம் ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் இருக்கும்போது பனமரத்துப்பட்டி பக்கமிருந்து ஒரு விவசாயி கூப்பிட்டார். "சார், செடி புதர் மாதிரி நிக்குதுங்க, பூவத்தான் காணோம்." போய்ப் பார்த்தேன். நட்ட 50ஆம் நாள், மொட்டு எட்டிப் பார்க்கிற நேரத்தில், யாரோ சொன்னார்கள் என்று கூலிக்கு ஆள் விட்டு நுனி கிள்ளியிருக்கிறார். பூ வராமல் இல்லை. பூஜை முடிந்து, விலை விழுந்த பிறகு வந்தது.

நுனி கிள்ளுவது நல்ல வேலைதான். உச்சிக் கொழுந்தில் சுரக்கும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் தண்டு வழியாகக் கீழே இறங்கி, கணு இடுக்கில் இருக்கும் மொட்டுகளை எழவிடாமல் அடக்கி வைக்கிறது. உச்சி போனால் அவை கிளம்பும். கிளை கூடினால் பூவும் கூடும். ஆனால் புதுக்கிளை வளர்ந்து மொட்டு வைக்க நாள் வேண்டுமே! செண்டுமல்லியை நட்ட 30ஆம் நாள் வாக்கில் கிள்ளிவிட வேண்டும். அதனால் பூ தள்ளிப்போகும் நாட்களை நடவின்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பண்டிகைப் பூவுக்கு நடவே தாமதமா? கிள்ளாமல் விட்டுவிடுங்கள், கிடைத்த பூ போதும்.

செடிமுருங்கையை 75 செ.மீ. உயரத்தில் கிள்ளுங்கள். இல்லையென்றால் கம்பம் போல வளர்ந்துவிடும், காய் பறிக்கத் துரட்டி தேட வேண்டும். கிள்ளிய கொழுந்து பொரியலுக்கு ஆகும்.

ஏற்காட்டுக் காபியில் கதை வேறு. அராபிகா செடியை இரண்டரை அடியில் தலை வெட்டி நிறுத்துவார்கள். வெட்டியதும் தண்டிலிருந்து நேராக மேலே கிளம்பும் தளிர்களை விடாமல் ஒடித்தெடுக்க வேண்டும். காய்ப்பதெல்லாம் பக்கவாட்டுக் கிளைகள். அந்தத் தளிர்கள் சத்தையும் வெளிச்சத்தையும் பறித்துக்கொள்ளும். தலையை வெட்டிவிட்டு அப்புறம் அந்தப் பக்கமே போகாதவர்களின் தோட்டம் ஒரே காடாகிவிடும்.

மாடித்தோட்டம் வைத்திருக்கும் ஓர் அம்மா காலிஃபிளவரையும் கிள்ளிவிட்டார்! அதன் பூ வருவதே நுனியில்தான். மக்காச்சோளத்துக்கும் கிள்ளல் ஆகாது. தென்னை, பாக்கில் குருத்து போனால் மரமே போச்சு.

இன்னொன்று, வாயில் புகையிலை போடுகிறவர்கள் அதே கையோடு தக்காளி, மிளகாய்ச் செடியைக் கிள்ளாதீர்கள். தேமல் நோய் வைரஸ் புகையிலையிலிருந்து கை வழியாகச் செடிக்குப் போகும். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வயலில் இறங்குங்கள்.