ஏழில் ஒன்று

வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்னும்போது பழியைக் கடாவின் மேல்தான் போடுகிறோம். 1988 நவம்பர் 2 அன்று இணையத்தில் அவிழ்த்துவிடப்பட்ட கடா ஒரு கணினி நிரல்; அதற்கு அந்தப் பழி பொருந்தாது. எழுதியவர் சொன்னதை அது அட்சரம் பிசகாமல் செய்தது.

எழுதியவர் ராபர்ட் மோரிஸ், கார்னெல் பல்கலைக்கழக மாணவர். அவருடைய நிரல், யாரும் திறந்துவிடாமலே ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் 'வோர்ம்' வகை. எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொற்கள், மின்னஞ்சல் மென்பொருளில் மூடாமல் விட்ட ஒரு சோதனை வசதி என அதற்குப் பல வாசல்கள். ஒரு வாசல் ரொம்பவே சாமர்த்தியமானது: நினைவகத்தில் 512 பைட் கொள்ளும் இடத்தில் 536 பைட்டைத் திணித்தால், வழிந்ததைக் கட்டளை என்று நம்பிக் கணினி இயக்கிவிடும்.

கோப்புகளை அழிக்கும் வேலை எதுவும் அதற்குத் தரப்படவில்லை. அப்படியும் ஆயிரக்கணக்கான கணினிகள் திணறின.

காரணம் ஒரு சின்ன எண். ஒரு கணினியில் புதிதாக நுழையும் வோர்மின் பிரதி, 'இங்கே ஏற்கெனவே ஆள் உண்டா?' என்று கேட்கும். உண்டென்றால் இரண்டில் ஒன்று விலகிக்கொள்ள வேண்டும். நிர்வாகிகள் ஒரு போலி நிரலை வைத்து 'உண்டு' என்று பொய் சொல்லவைத்தால்? அதற்காகத்தான் மோரிஸ் ஒரு விதிவிலக்கு வைத்தார்: ஏழில் ஒரு முறை, எதையும் கேட்காமல் தங்கிவிடு.

ஒரு கணினியின் கதவை எழுபது முறை தட்டினால் சராசரியாகப் பத்துப் பிரதிகள் நிரந்தரமாகத் தங்கிவிடும். அந்தப் பத்தும் சும்மா இருக்காது. அக்கம்பக்கத்துக் கதவுகளைத் தட்டும். தட்டல் கூடக் கூடத் தங்கல் கூடும், தங்கல் கூடினால் தட்டல். வட்டிக்கு வட்டி ஏறுகிற கணக்கு. சில மணி நேரத்தில் பிரதிகளின் நெரிசலில் சொந்த வேலைக்கே கணினிக்கு மூச்சில்லை. அணைத்துவிட்டு மறுபடி போட்டாலும், பக்கத்துக் கணினியிலிருந்து திரும்ப வந்துவிடும்.

ஏழுக்குப் பதில் எழுநூறு என்று போட்டிருந்தால்? நெரிசல் தள்ளிப்போயிருக்கும், அவ்வளவுதான் என்று நினைக்கிறேன். தங்கியதைத் திரும்ப அழைக்கும் வழி எதையும் அவர் வைத்திருக்கவில்லையே.

நிலைமை கைமீறியதும் மோரிஸ் ஒரு நண்பரை அழைத்தார். மன்னிப்பும், வோர்மைத் தடுக்கும் வழிகளும் அடங்கிய பெயரில்லாச் செய்தி ஒன்று அந்த நண்பர் வழியாகப் போனது. ஆனால் அது போகவேண்டிய பாதையும் அதே இணையம்தான். தற்காப்புக்காகப் பலர் இணைப்பைத் துண்டித்திருந்தார்கள். செய்தி பலரையும் எட்டியபோது, அவர்களே வோர்மைப் பிரித்துப் பார்த்து மருந்து கண்டுபிடித்திருந்தார்கள்.